யார் சாட்சி?

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் என் போன்ற தமிழாசிரியர்கள் இலக்கணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுவினைஞர் வேலை பார்ப்பது வழக்கம். பரீட்சை மண்டபத்துள் நுழையும் மாணவர் தாம் இன்னார் என்று காட்டியாக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் தேசிய அடையாள அட்டையே வேண்டும். பதினைந்து வயது நிறைந்தவர்களின் விண்ணப்பங்கள் பாடசாலை வழியாகவே செல்கின்றன. கண்டி நகரத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஹந்தானைச் சரிவிலிருந்தும் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளின் விண்ணப்பங்களோ சில வேளைகளில் அரை ஆண்டை விழுங்கிவிடுகின்றன.

சென்ற ஆண்டு அப்படி ஒரு மாணவி. அவளுடைய தாயின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் ஓர் எழுத்துக் குறைவு. இன்னொன்றில் வீட்டில் அழைக்கும் பெயர். மூன்றாவதில் தகப்பனார் பெயரே அவர் பெயராகப் பதியப்பட்டிருந்தது. எழுதியவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுதப்பட்டவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அலுவலகம் ஒன்றில் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இந்த மூன்று பெயரும் ஒருவருக்கே உரியன என்பதற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்றார் உத்தியோகத்தர். சட்டப்படி அவர் கூறியதில் தவறில்லை. அந்தத் தாய் என்னைப் பார்த்தார்.

“நான் பொறந்தது இந்த லயத்துல, கல்யாணம் கட்டுனது இந்த லயத்துல, இவளப் பெத்ததும் இந்த லயத்துலதான் சேர். நான் யாருன்னு தோட்டமே சொல்லுமே” என்றார்.

தோட்டம் சொல்லும் என்பது உண்மை. ஆனால் தோட்டம் சொல்வதை எழுதிக்கொள்ள அந்த விண்ணப்பத்தில் இடம் இல்லை.

அதே வாரம், எங்கள் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் இளம் நண்பர் ஆசிரியர் ஓய்வறையில் தம் கைத்தொலைபேசியைக் காட்டினார். கடவுச்சொல் எதுவும் எழுதாமல், விரலை ஒருமுறை வைத்து எடுத்து, தம் கணக்கினுள் நுழைந்தார். “இனிக் கடவுச்சொல்லின் காலம் முடிந்தது” என்றார் பெருமிதத்தோடு. ஒருபுறம் ஐம்பது ஆண்டு வாழ்ந்த இடத்தில் தன்னை மெய்ப்பிக்க முடியாத ஒரு தாய். மறுபுறம் ஒரு விநாடியில் தம்மை மெய்ப்பித்துவிட்ட ஓர் இளைஞர். தான் தானே என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை யாருடையது? அதை எதைக் கொண்டு, யாரிடம் மெய்ப்பிப்பது? இது பொறியியல் வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் வினாவே என்பது என் எண்ணம்.

முதலில் விஞ்ஞானத்துக்கு உரிய நியாயத்தைச் செய்வோம். கணினியில் கடவுச்சொல் நுழைந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையொன்று உருவாக்கப்பட்டது. ஒருவர் கோப்பை மற்றவர் திறக்காதிருக்க ஆளுக்கொரு இரகசியச் சொல் கொடுத்தார்கள். 1962 இலேயே அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், எல்லோருடைய சொற்களும் அடங்கிய பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் பிறந்த வீட்டிலேயே களவும் பிறந்துவிட்டது எனலாம். காரணம் எளிது. கடவுச்சொல் இருவர் அறிந்த இரகசியம். நான் அறிவேன், என்னைச் சோதிப்பவரும் அறிவார். என் இரகசியத்தை நான் எவ்வளவு கவனமாகக் காத்தாலும் மறுகரையில் உள்ளவர் காக்காவிடில் பயனில்லை. பின்னாளில் அந்தச் சொல்லை உள்ளபடி சேமியாது உருமாற்றிச் சேமிக்கும் முறைகள் வந்தன. எனினும் நுழையும் ஒவ்வொரு முறையும் அதனை மறுகரைக்கு ஒப்படைத்தே ஆகவேண்டும். ஆசிரியர்களாகிய நாம் ஒரே சொல்லை வங்கிக்கும் அஞ்சலுக்கும் வைத்துக்கொண்டு, மறந்துபோகாமல் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைப்பவர்கள் ஆயிற்றே!

இந்தக் குறையைத் தீர்க்கும் கருத்து 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் முளைத்தது. ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு சாவிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஊரறிந்தது, மற்றது என்னிடம் மட்டுமே இருப்பது. ஊரறிந்த சாவியை வைத்திருப்பவர் எனக்கொரு புதிரை அனுப்புகிறார். என்னிடமுள்ள சாவியால் அதற்கு ஒப்பமிட்டு அனுப்புகிறேன். அந்த ஒப்பம் உண்மையா என்று அவர் தம் சாவியால் சரிபார்க்கிறார். என் சாவி என் கையை விட்டுப் போவதே இல்லை. 2013 இல் வெளிப்படையாகத் தொடங்கிய ஃபைடோ என்னும் நிறுவனங்களின் கூட்டு இதனை அன்றாட வழக்காக்க முயன்றது. 2019 மார்ச்சில் இது இணையத்தின் பொதுத் தரமாயிற்று. 2022 மே மாதத்தில் அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றும் இதனை ஏற்று நடத்துவோம் என்று அறிவித்தன. ‘பாஸ்கீ’ என்று இன்று வழங்குவது இதுவே. நண்பர் வைத்த விரல் எங்கும் பயணம் செய்யவில்லை. தொலைபேசிக்குள் உள்ள சாவிப் பெட்டியை மட்டும் அது திறந்தது.

இதில் ஓர் அறம் இருக்கிறது. எதையும் ஒப்படைக்காமலே மெய்ப்பிக்கலாம் என்பது அந்த அறம். என்னைச் சோதிப்பவர் என்னைப் பற்றித் தேவைக்கு மேல் ஒன்றும் அறியவேண்டியதில்லை. இயந்திரம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் முற்போக்காளர் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எளியவன் வலியவனிடம் தன் இரகசியத்தைக் கையளிக்காமல் தன்னை நிலைநாட்டிக்கொள்ள விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. அதை வரவேற்காமல் இருக்க முடியாது.

ஆயினும் அந்தத் தொழில்நுட்பம் எவரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது என்று கேட்டால் நம் மகிழ்ச்சி சற்றுக் குறையும். ஒரு மனிதர், ஒரு தொலைபேசி, ஒரு விரல் என்பதே அதன் அடிப்படைக் கற்பனை. எங்கள் மாணவர் வீடுகளில் ஒரு தொலைபேசியே ஐவருக்கு உரியது. காலையில் அது தகப்பனாரோடு வேலைக்குப் போகும். மாலையில் பிள்ளைகளின் பாடத்துக்கு வரும். பணமுடை வந்தால் அடகுக் கடைக்கும் போகும். கொழும்பில் கடையில் நிற்கும் மூத்த மகனின் தொலைபேசிக்கு வரும் இலக்கத்தை அவன் வாயால் சொல்ல, இங்கே தாய் எழுதிக்கொள்ளும் காட்சி அன்றாடம் நடப்பது. கண் மங்கிய பாட்டி வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பேத்தியிடம் கொடுத்துப் பணம் எடுத்துவரச் சொல்கிறாள். பொறியியலாளர் இதனைப் பாதுகாப்புக் குறைபாடு என்பார். ஏமாற்றுக்காரர் நுழையும் வாசலும் இதுவே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நம்பிக்கை. சொல்லை இன்னொருவருக்குச் சொல்லலாம். விரலை இரவல் கொடுக்க இயலாது. கடவுச்சொல்லின் பலவீனம் எனப்படும் அந்த ஒன்றே, சேர்ந்து வாழ்ந்தாலன்றி வாழ முடியாத மக்களுக்கு அதன் பயனாக இருந்தது.

ஜோன் லொக் என்ற ஆங்கிலத் தத்துவஞானி 17 ஆம் நூற்றாண்டில், மனிதன் நேற்றும் இன்றும் ஒருவனாக இருப்பது அவனுடைய நினைவின் தொடர்ச்சியால் என்று வாதிட்டார். கடவுச்சொல் மனிதனை நினைவுடையவனாகக் கொண்டது. விரல்ரேகை மனிதனை உடலாகக் கொள்கிறது. மார்க்ஸோ மனிதனைச் சமூக உறவுகளுக்குள் வைத்தே நோக்கினார். ‘தோட்டமே சொல்லுமே’ என்ற அந்தத் தாய் லொக்கையும் அறியார், மார்க்ஸையும் அறியார். எனினும் தம் அடையாளம் தம் நினைவிலோ விரலிலோ இல்லை, தம்மை அறிந்தவர்களிடமே இருக்கிறது என்று அவர் கூறியது மூன்றாமவருக்கே அண்மையானது.

தொலைபேசி தொலைந்தால் சாவி என்னாகும்? பெரும்பாலோரின் சாவிகள் அந்தப் பெரிய நிறுவனங்களின் காப்பறைகளில் பிரதி செய்யப்பட்டிருக்கும். மீட்டெடுக்க வேண்டுமாயின் அந்த நிறுவனம் நம்மை ஏற்க வேண்டும். சுதந்திரச் சாவியின் கைப்பிடி எவர் கையில் உள்ளது என்பதை மாணவர்கள் தாமே ஆராய்ந்து கொள்வார்களாக.

இனி அரசின் பக்கம் வருவோம். அதே விரல் நுனி அங்கே முற்றிலும் வேறான பொருள் கொள்கிறது. இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில் இந்தியாவோடு கைச்சாத்தாயிற்று. 2023 ஓகஸ்டில் இந்தியா தன் நன்கொடையின் முற்பணமாக 45 கோடி இந்திய ரூபாவை வழங்கியது. முகம், கருவிழி, விரல்ரேகை ஆகியவற்றைத் திரட்டி மத்திய அமைப்பொன்றில் சேமிப்பது அத்திட்டத்தின் உள்ளடக்கம். பாஸ்கீயில் விரல் வீட்டுக்குள்ளேயே நின்றது. இங்கே விரலின் பிரதி வீட்டை விட்டுப் போய்விடுகிறது. களவு போன கடவுச்சொல்லை மாற்றலாம். களவு போன விரலை மாற்ற இயலுமோ? 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நல்லதே. எனினும் சட்டத்தால் மட்டும் தீராத ஒன்றும் இதில் உண்டு.

அதை இந்தியாவின் ஆதார் காட்டுகிறது. 2010 இல் முதல் இலக்கம் வழங்கப்பட்ட அந்தத் திட்டம் இன்று நூறு கோடிக்கு மேற்பட்டோரை உள்ளடக்கியது. எந்த ஆவணமும் இல்லாதிருந்த பலருக்கு முதல் ஆவணம் அதுவே என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் 2018 இல் உச்சநீதிமன்ற விசாரணையின்போது, விரல்ரேகைச் சோதனை நூற்றுக்கு ஆறு தடவை தோல்வியுறுகிறது என்று அதனை நடத்தும் ஆணையமே கூறியது. நூற்றுக்கு ஆறு என்பது வகுப்பறையில் சிறிய எண். நூறு கோடியில் ஆறு கோடி. தோற்பவர் எவர்? முதியோர், கல்லுடைப்போர், மண் சுமப்போர்: எவருடைய விரல் உழைப்பால் தேய்ந்ததோ அவரே. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலத்துச் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பங்கீட்டு அட்டை ஆதாருடன் இணைக்கப்படாததால் மாதக்கணக்காக அரிசி நின்றுபோயிற்று, பட்டினியால் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. இறப்பின் காரணத்தில் வாதம் இருக்கட்டும். அரிசி நின்றதற்கு அந்தச் சிறுமியின் பசி குறித்த ஐயம் காரணமன்று, அட்டை குறித்த ஐயமே காரணம்.

தேயிலைக் கொழுந்தின் கறை ஏறிக் கறுத்து வெடித்த விரல்களை என் மாணவரின் தாய்மாரிடம் காண்கிறேன். அந்தக் கண்ணாடித் தட்டின் மேல் அவர்கள் விரலை வைக்கும் நாளை எண்ணும்போது எனக்குச் சிம்டேகா நினைவுக்கு வருகிறது.

மலையகத் தமிழரை அடையாளம் பதிவதன் கதை கணினிக்கு நெடுங்காலம் முந்தியது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று எங்கள் பாடநூல்கள் கூறும். அவர் பெயரை அறிவோம். நட்ட கைகளின் பெயர்களை அறியோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த தொழிலாளியின் கழுத்தில் தகரச் சீட்டொன்று தொங்கியது; தோட்டத்தின் இலக்கம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. பெயர் வேண்டியிருக்கவில்லை. தோட்டம் மாறுவதாயின் ‘துண்டு’ வேண்டும்; கடன் தீர்ந்தால் விடுவிக்கிறோம் என்று துரைமார் எழுதிய அந்தக் கடிதத் துண்டு 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதனைக் கடனோடு கட்டிவைத்திருந்தது. பின்னர் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் போதாது. தந்தை இங்கே பிறந்தார், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்று காட்ட வேண்டும் என்றது. பிறப்பைப் பதியாத தோட்டத்தில் பிறந்தவர்களிடம் பூட்டனின் பிறப்புப் பதிவைக் கேட்டார்கள்! 1949 இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேரே. எஞ்சியோரை 1964 இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் எண்ணிக்கையாகப் பகிர்ந்தனர்: இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; பிறகு பேசித் தீர்க்க 1,50,000. ஒரு மனிதனையேனும் அழைத்து ‘நீ யார், எங்கே வாழ விரும்புகிறாய்’ என்று கேளாமலே கணக்கு முடிந்தது.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் பிரஜைகளுக்கு உரியது. 1972 முதல் அட்டைகள் வழங்கப்பட்டன. ஒன்பது இலக்கங்களின் இறுதியில் வாக்குரிமை உடையவருக்கு ஆங்கில ‘வி’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அட்டையே இல்லை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அட்டை இல்லாமல் நிற்பதென்றால் என்னவென்று எங்கள் மூத்தோர் அறிவர். இந்தக் கதையின் திருப்பம் 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வதிந்த நாடற்றவரும் அவர் வழிவந்தோரும் பிரஜைகளே என்றது அது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கும் ஒரு பிரகடனம் போதுமானதாயிற்று. சில நாட்களுக்குள் சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். 55 ஆண்டு அவர்கள் முதுகில் இருந்த சுமையை ஒரு சட்டம் இறக்கி வைத்தது. எந்தப் புதிய கருவியும் கண்டுபிடிக்கப்படவில்லை. ‘நீ மெய்ப்பி’ என்று கேட்ட அரசு, ‘நீ சொல், நான் நம்புகிறேன்’ என்றது. அவ்வளவே.

விரல்ரேகையின் கதையும் இந்த மண்ணுக்கு அந்நியமன்று. 1858 இல் வங்காளத்தில் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, வீதிக்குக் கல் தரும் ஒப்பந்தக்காரனின் உள்ளங்கைப் பதிவைப் பத்திரத்தில் எடுத்தார். பின்னர் கையொப்பத்தை மறுக்கத் துணியாதபடி அவனை அச்சுறுத்தவே அவ்வாறு செய்ததாக அவரே எழுதினார். 1897 இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையில் உழைத்த அஸிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் மறக்கப்பட, முறைக்கு மட்டும் ஹென்றி துரையின் பெயர் நிலைத்தது. அங்கிருந்து அது ட்ரான்ஸ்வாலுக்குச் சென்றது. ஆசியர் யாவரும் விரல்ரேகை பதிந்து பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டவரைவை எதிர்த்து 1906 செப்டம்பர் 11 இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கூடிய கூட்டத்திலேயே காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் பிறந்தது. ஆனால் 1908 ஜனவரியில் ஸ்மட்ஸுடன் சமரசம் கண்டபோது அவர் தாமாகவே ரேகை கொடுக்க இசைந்தார். அதற்காகத் தம் பக்கத்து மனிதர் ஒருவரிடமே அடிபட்டார். அரசு வாக்குத் தவறியதாகக் கருதியபின், அதே ஆண்டு ஓகஸ்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் எரிக்கப்பட்டன. சிலர் இதனை முரண்பாடு என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு விரல்தான்; குற்றவாளியிடம் எடுப்பது போல் எடுக்கும்போது அது அவமானம், சமமானவன் விரும்பிக் கொடுக்கும்போது அது உடன்பாடு. மறுக்க முடியாத ஒருவன் கொடுப்பதைக் கொடை என்று எவரும் கூறார். அரிசிக்கும் எண்ணெய்க்கும் ரேகையே வாசல் ஆகும்போது மறுப்பது எங்ஙனம்?

சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மதுரைக் காண்டத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அரண்மனையில் ஒரு சிலம்பு காணாமற் போயிருந்தது. கையிலிருந்த பொருளே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. அந்நகரில் அவனை அறிந்தவர் எவர், இன்னார் என்று சொல்வார் உண்டா என்று பாண்டியன் விசாரிக்கவில்லை. ஆயர்சேரியில் அவனுக்குச் சோறிட்ட வீடு இருந்தது. பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். ஐயந்திரிபற மெய்ப்பித்தாள், காலங்கடந்து. சென்ற ஆண்டு இந்தப் பகுதியை நடத்துகையில் என் பார்வை அந்த மாணவியின் மேல் சென்றது. அவள் புத்தகத்தில் கோடிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே புதிய அடையாள முறை வேண்டாம் என்பதன்று என் கட்சி. விரலோ சாவியோ பேசாத இடத்தில் மனிதர் பேச இடமிருக்க வேண்டும் என்பதே. இயந்திரம் ‘இவரை அறியேன்’ என்றால் அரிசி நிற்கக் கூடாது. பரீட்சை மண்டபக் கதவு மூடக் கூடாது. அறிந்தவர் இருவர் வந்து சொன்னால் அது செல்ல வேண்டும். பொய் என்று கருதுபவர் பொய் என்பதை மெய்ப்பிக்கட்டும். இதனால் சில பொய்யர் நுழைவார்கள் என்பீர்கள். நுழைவார்கள். ஓர் உண்மையானவரை வெளியே நிறுத்துவதா, ஒரு பொய்யரை உள்ளே விடுவதா என்ற தேர்வில் இதுவரை நம் சட்டங்கள் எவரை வெளியே நிறுத்தின என்பதைத்தான் மேலே சொன்னேன். மனித சாட்சியத்திலும் ஆபத்து உண்டு. கங்காணி சொன்னால்தான் பெயர், தலைவர் கையொப்பமிட்டால்தான் வீடு என்ற பழைய அடிமைத்தனம் அதே வாசலால் திரும்பி வரக்கூடும். அதனால்தான் பாஸ்கீயின் அறத்தை நான் எளிதில் விடமாட்டேன். எவர் தயவும் இன்றித் தன்னை நிலைநாட்டும் வழியும் ஏழைக்கு வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகப் பொருத்துவது எவ்வாறு என்பதைக் கணினி கற்கும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் நண்பரிடம் சொன்னேன். ‘முடியாததில்லை, யாரும் கேட்கவில்லை’ என்றார்.

அந்த மாணவியின் காரியம் இப்படி முடிந்தது. அவள் பிறந்தபோது உடனிருந்த முதிய பெண்மணி ஒருவர் அதே லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க அவரை அழைத்துச் சென்றோம். மூன்று பெயரும் ஒருத்திக்கே உரியன என்றும், பிள்ளை இவளே என்றும் அவர் சொன்னார். எழுதத் தெரியாதவர், பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்தார். கோடுகள் எழவில்லை, கருமையான ஒரு வட்டம் மட்டுமே விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி பதித்தார். “கொழுந்து பறிச்ச கை தம்பி, அப்பிடித்தான் இருக்கும்” என்றார் சிரித்துக்கொண்டே. நீதவான் அதனை ஏற்றுக்கொண்டார். பரீட்சைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அட்டை வந்து சேர்ந்தது.

இவ்வாண்டு விண்ணப்பங்களில் இரண்டு இன்னும் என் மேசையில் கிடக்கின்றன. ஒருவனுக்குப் பிறப்புப் பதிவே அகப்படவில்லை. அவன் பாட்டி உயிரோடிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போக வேண்டும்.